பாட்டில் லேபிளில் இல்லாத எச்சரிக்கை: கர்ப்ப காலத்தில் மது குடித்தால் குழந்தைக்கு என்ன ஆகும்?

இந்தியாவில் விற்கும் ஒரு மது பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். மது உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள் என்று இரண்டு விஷயம் எழுதியிருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018ல் கொண்டுவந்த விதிகளின்படி, 2019 ஏப்ரல் 1 முதல் இந்த எச்சரிக்கை கட்டாயம். தமிழ்நாட்டு பாட்டில்களில் நாடு, வீடு, உயிர் மூன்றுக்கும் மது கேடு என்ற வாசகம் உங்களுக்குப் பழக்கமாகவே இருக்கும்.

வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பற்றி இந்த விதி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. சில பன்னாட்டு பிராண்டுகள் கர்ப்பிணி படத்தின் மேல் குறுக்குக்கோடு போட்ட சின்னத்தைத் தாமாகவே அச்சிடுவதுண்டு. ஆனால் அது கம்பெனியின் விருப்பம், சட்டத்தின் கட்டாயம் இல்லை.

அமெரிக்காவில் பிறவிக் குறைபாடு அபாயம் பற்றிய எச்சரிக்கை 1989 நவம்பர் முதல் ஒவ்வொரு பாட்டிலிலும் இருக்கிறது. பிரான்ஸில் 2007 முதல் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2023 ஜூலை 31 முதல் முழுமையாகக் கட்டாயமாகிவிட்டது. இங்கே மட்டும் ஏன் இந்த மௌனம்? "நம்ம ஊர்ல பொம்பளைங்க எங்க குடிக்கிறாங்க?" என்ற எண்ணம்தான் பெரும்பாலும் இதற்குப் பதிலாக வருகிறது. அந்த எண்ணம் எவ்வளவு சரி, அதனால் யாருக்கு நஷ்டம் என்று பார்ப்போம்.

டேட்டா என்ன சொல்கிறது?

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று (2019-21) சொல்லும் கணக்கு இது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் மது குடிப்பதாகச் சொன்னவர்கள்:

- இந்தியா: ஆண்கள் 18.8%, பெண்கள் 1.3%
- தமிழ்நாடு: ஆண்கள் 25.4%, பெண்கள் 0.3%
- மகாராஷ்டிரா: ஆண்கள் 13.9%, பெண்கள் 0.4%
- தெலங்கானா: பெண்கள் 6.7%
- அசாம்: பெண்கள் 7.3%
- சிக்கிம்: பெண்கள் 16.2%
- அருணாசலப் பிரதேசம்: பெண்கள் 24.2%

முதல் மூன்று வரியை மட்டும் பார்த்தால் "பிரச்சினையே இல்லை" என்று தோன்றும். கடைசி வரியைப் பார்த்தால், நான்கில் ஒரு பெண். தேசிய சராசரி என்ற ஒற்றை எண் இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இது குடித்தவர்களின் எண்ணிக்கை அல்ல, குடிப்பதாக ஒப்புக்கொண்டவர்களின் எண்ணிக்கை. வீட்டுக்கு வரும் கணக்கெடுப்பாளர் கேட்க, மாமியாருக்கோ கணவருக்கோ காதில் விழும் தூரத்தில் ஒரு பெண் என்ன பதில் சொல்வார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். 0.3% என்பது உண்மை நிலவரத்தின் தரைமட்டம். கூரை எங்கே இருக்கிறது என்று இந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

மது கருவுக்குள் எப்படிப் போகிறது?

எத்தனால் மிகச் சிறிய மூலக்கூறு. நஞ்சுக்கொடி அதைத் தடுப்பதில்லை. அம்மாவின் ரத்தத்தில் ஏறிய மது சிறிது நேரத்தில் குழந்தையின் ரத்தத்திலும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு ஏறிவிடும்.

பெரியவர்களின் கல்லீரலில் மதுவை உடைக்கும் என்சைம் போதுமான அளவு இருக்கிறது. கருவின் கல்லீரலில் அது மிகக் குறைவு. குழந்தை மிதக்கும் பனிக்குட நீரிலும் மது தங்கும். குழந்தை அந்த நீரை விழுங்கும், சிறுநீராக வெளியேற்றும், மறுபடி விழுங்கும். அம்மாவுக்குப் போதை தெளிந்த பிறகும் குழந்தை அந்த மதுவுக்குள்தான் இருக்கும்.

இந்த மது, வளரும் செல்களைக் கொல்லும், அல்லது அவை போக வேண்டிய இடத்துக்குப் போகவிடாமல் செய்யும். மூளைதான் அதிகம் அடிபடுகிறது. மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புப் பாலம், உடல் சமநிலையைக் கவனிக்கும் சிறுமூளை ஆகியவை இதில் அடக்கம். முகம், இதயம், சிறுநீரகம், எலும்பு, காது ஆகியவையும் பாதிக்கப்படலாம்.

எப்போது கண்டுபிடித்தார்கள்?

பிரான்ஸின் நான்ட் நகரைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் பால் லெமுவான், 1968ல் குடிப்பழக்கம் உள்ள பெற்றோரின் 127 குழந்தைகளைப் பற்றி எழுதினார். பிரெஞ்சு மொழியில் வந்த அந்தக் கட்டுரையை உலகம் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. 1973ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் உள்ளிட்ட மருத்துவர்கள் லான்செட் இதழில் இதையே எழுதி, 'ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்' என்று பெயரும் வைத்தார்கள்.

இந்த சிண்ட்ரோமின் முக்கியமான முக அடையாளங்கள் மூன்று: கண்ணின் திறப்பு சிறியதாக இருப்பது, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் உள்ள பள்ளம் மழமழவென்று சமமாகிவிடுவது, மேலுதடு மெல்லியதாக இருப்பது. கூடவே வளர்ச்சிக் குறைவும் மூளை பாதிப்பும் இருக்கும்.

பின்னால் தெரியவந்தது, இது பிரச்சினையின் ஒரு முனை மட்டுமே. பாதிக்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு முகத்தில் எந்த அடையாளமும் இருப்பதில்லை. பார்த்தால் சாதாரணமாக இருப்பார்கள். ஆனால் கவனம் நிற்காது, கணக்கு ஏறாது, நேற்று சொன்னது இன்று நினைவிருக்காது, கோபத்தைக் கட்டுப்படுத்த வராது, செய்த தப்பிலிருந்து பாடம் கற்பது கடினமாக இருக்கும். இந்த எல்லா நிலைகளையும் சேர்த்து 'ஃபீட்டல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிஸார்டர்' என்கிறார்கள். சுருக்கமாக எஃப்.ஏ.எஸ்.டி.

பள்ளியில் இந்தக் குழந்தைக்குக் கிடைக்கும் பெயர் 'சோம்பேறி' அல்லது 'அடங்காதது'. அது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. பிறப்பதற்கு முன்பே மூளையில் ஏற்பட்ட காயம்.

அபாயம் எவ்வளவு?

2017ல் வெளியான இரண்டு உலகளாவிய ஆய்வுகள் இதைக் கணக்கிட்டன. உலக அளவில் கர்ப்பிணிகளில் சுமார் 9.8% பேர் மது குடிக்கிறார்கள். 1,000 குழந்தைகளில் சுமார் 8 பேருக்கு எஃப்.ஏ.எஸ்.டி. இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் மட்டும் இது 1,000க்கு 111.

கர்ப்ப காலத்தில் குடித்த சுமார் 13 பெண்களில் ஒருவருக்கு எஃப்.ஏ.எஸ்.டி. பாதிப்புள்ள குழந்தை பிறக்கிறது. முழுமையான சிண்ட்ரோம் என்று எடுத்தால் 67ல் ஒருவருக்கு.

இந்த எண்ணை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். 13ல் 12 பேரின் குழந்தைகளுக்கு இந்த பாதிப்பு கண்டறியப்படவில்லை. ஆகவே "ஒரு தடவை குடிச்சிட்டேன், எல்லாம் போச்சு" என்பது தவறு. அந்த ஒருவர் நீங்களா இல்லையா என்று முன்கூட்டியே சொல்லும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. ஆகவே "என் ஃப்ரெண்ட் குடிச்சா, அவ குழந்தை நல்லாத்தானே இருக்கு" என்பதும் தவறு. குடித்த அளவு, குடித்த காலம், ஒரே மூச்சில் குடித்தாரா என்பது, அம்மாவின் சத்துநிலை, மரபணு எல்லாம் சேர்ந்துதான் பாதிப்பைத் தீர்மானிக்கின்றன.

'கொஞ்சமா ஒயின்' பரவாயில்லையா?

இவ்வளவு வரை குடிக்கலாம் என்று நிரூபிக்கப்பட்ட பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை. அதிகம் குடித்தால் பாதிப்பு என்பதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது. மிகக் குறைந்த அளவில் என்ன ஆகும் என்பதில் ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. கர்ப்பிணிகளைக் குடிக்க வைத்து ஆய்வு நடத்த முடியாது என்பதால் அது எளிதில் தீரவும் தீராது. வாரத்துக்கு ஓரிரு முறை கொஞ்சமாகக் குடிப்பதை முன்பு பொறுத்துக்கொண்ட பிரிட்டன்கூட, 2016ல் "கர்ப்பம் என்றால் முழுவதும் தவிர்ப்பதே பாதுகாப்பு" என்று வழிகாட்டுதலை மாற்றியது.

'கொஞ்சம்' என்பதையும் அளந்து பார்ப்போம். லேபிளில் உள்ள சதவீதத்தை வைத்துப் போட்ட கணக்கு:

- 30 மி.லி. விஸ்கி, பிராந்தி, ரம் (42.8%): சுமார் 10 கிராம் ஆல்கஹால்
- 150 மி.லி. ஒயின் (12%): சுமார் 14 கிராம்
- 650 மி.லி. சாதாரண பீர் (5%): சுமார் 26 கிராம்
- 650 மி.லி. ஸ்ட்ராங் பீர் (8%): சுமார் 41 கிராம்

"பீர்தானே" என்று நினைத்துக் குடிக்கும் ஒரு ஸ்ட்ராங் பாட்டில், நான்கு ஸ்மால் பெக் விஸ்கிக்குச் சமம். ஒரே அமர்வில் 60 கிராம் தாண்டினால் உலக சுகாதார நிறுவனம் அதை மிகைக் குடி என்கிறது. ஒன்றரை ஸ்ட்ராங் பீர் அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். கருவுக்கு மிகவும் ஆபத்தானது, இப்படி ரத்தத்தில் ஒரேயடியாக ஏறும் மதுதான்.

'இயற்கையானது' என்பதால் கள்ளுக்கு விதிவிலக்கு கிடையாது. அதிலும் இருப்பது அதே எத்தனால். வீட்டில் பெரியவர்கள் வாங்கிக் கொடுக்கும் அரிஷ்டங்களும் புளிக்க வைத்துத் தயாராவதால் அவற்றில் இயல்பாகவே ஆல்கஹால் உண்டு. லேபிளில் அந்த அளவு இருக்கும். கர்ப்ப காலத்தில் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

ரஞ்சன்காவ் காலண்டர்: தெரியாத ஐந்து வாரம்

"கர்ப்பம்னு தெரிஞ்சா நிறுத்திடுவேன்" என்று பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். சிக்கலே அந்தத் 'தெரிஞ்சா' என்பதில்தான் இருக்கிறது. ஒரு கற்பனை உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

புனேவிலிருந்து அகில்யாநகர் (பழைய அகமத்நகர்) போகும் நெடுஞ்சாலையில் சுமார் 50 கி.மீ. தூரத்தில் இருக்கிறது ரஞ்சன்காவ். அஷ்டவிநாயகத் தலங்களில் ஒன்றான மகாகணபதி கோயில் இருக்கும் ஊர். அதை ஒட்டி எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டை, கார் முதல் வீட்டு உபயோகப் பொருள் வரை தயாரிக்கும் ஆலைகள். நீங்கள் அங்கே குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கும் 27 வயதுப் பெண் என்று வையுங்கள். கல்யாணமாகி ஒரு வருடம். சனிக்கிழமை ஆனால் நண்பர்களோடு புனே நகருக்குள் போய் இரண்டு பீர். ஊரில் யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

- மார்ச் 1: கடைசி மாதவிடாய் தொடங்கிய நாள். மருத்துவர் கர்ப்பத்தை இங்கிருந்துதான் எண்ணுவார்.
- மார்ச் 15 வாக்கில்: கருத்தரிக்கிறது.
- மார்ச் 22-25: கரு கருப்பைச் சுவரில் ஒட்டுகிறது. இனி அம்மாவின் ரத்தத்தோடு தொடர்பு.
- மார்ச் 29: மாதவிடாய் வர வேண்டிய நாள். வரவில்லை. நைட் ஷிஃப்ட், டென்ஷன், தள்ளிப் போயிருக்கும் என்று விட்டுவிடுகிறீர்கள். ஐ.பி.எல். சீசன் வேறு, வார இறுதி வழக்கம்போல் போகிறது.
- ஏப்ரல் முதல் வாரம்: முகமும் மூளையும் உருவாக அடித்தளம் விழும் நாட்கள். இதயம் துடிக்கத் தொடங்குகிறது.
- ஏப்ரல் 10: சந்தேகம் வந்து டெஸ்ட் கிட் வாங்குகிறீர்கள். இரண்டு கோடு.
- ஏப்ரல் 12 வாக்கில்: மூளையும் தண்டுவடமுமாக மாறும் நரம்புக் குழாய் மூடி முடிகிறது.

அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் கேத்லீன் சுலிக் 1981ல் எலிகளில் செய்த ஆய்வு முக்கியமானது. மனிதக் கணக்கில் கருத்தரித்த மூன்றாவது வாரத்துக்கு இணையான நாளில் மது செலுத்தினால், அந்த முக அடையாளங்கள் எலிக் குட்டிகளில் உருவாயின. மேலே உள்ள காலண்டரில் அது மார்ச் கடைசியும் ஏப்ரல் தொடக்கமும். டெஸ்ட் கிட் வாங்குவதற்கு முந்தைய நாட்கள்.

அதனால்தான் 'கர்ப்பம் தெரிந்த பிறகு' என்பதைவிட 'முயற்சி தொடங்கும்போதே' நிறுத்துவது சரியான நேரம். குழந்தைக்குத் திட்டமிடவில்லை, ஆனால் மது குடிப்பதுண்டு என்றால், கருத்தடையில் கவனமாக இருங்கள். மாதவிடாய் தள்ளிப்போனால் அன்றைக்கே டெஸ்ட் எடுங்கள்.

தெரியாமல் குடித்துவிட்டேன். இப்போது?

முதலில், இன்று நிறுத்துங்கள். மூளை ஒன்பது மாதமும் வளர்கிறது. எந்த வாரத்தில் நிறுத்தினாலும் அதற்குப் பிறகான வளர்ச்சிக்கு அது லாபம்.

இரண்டாவது, பயந்து அவசர முடிவு எடுக்காதீர்கள். ஒரு பார்ட்டியை மட்டும் காரணமாக வைத்துக் கர்ப்பத்தைக் கலைக்க ஓட வேண்டியதில்லை. எப்போது, எவ்வளவு என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். இதயம், சிறுநீரகம் போன்ற உறுப்புகளை ஸ்கேனில் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள். பிறந்த பிறகு குழந்தையின் வளர்ச்சியைக் கண்காணிக்கவும் அந்தக் குறிப்பு உதவும்.

மூன்றாவது, தினமும் அதிகம் குடிக்கும் பழக்கம் இருந்தால் திடீரென்று தனியாக நிறுத்தாதீர்கள். கை நடுக்கம், வலிப்பு வரை போகலாம், அது அம்மாவுக்கும் குழந்தைக்கும் ஆபத்து. மருத்துவமனையின் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும். டெலி மானஸ் 14416, தேசிய போதை மீட்பு உதவி எண் 14446 இரண்டும் இலவசம்.

சொல்லக் கூச்சமாக இருந்தால், கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லி, மருத்துவரிடம் தனியாகப் பேசக் கேளுங்கள். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மருத்துவரின் தொழில் ஒழுங்கு விதியிலேயே இருக்கிறது. "கர்ப்பம்னு தெரியறதுக்கு முன்னாடி மூணு வாரம், வாரத்துக்கு ரெண்டு பீர் குடிச்சிருக்கேன் டாக்டர்" என்று அளவோடு சொன்னால் போதும். மகாராஷ்டிரத்தில் இருந்து மொழி தடையாக இருந்தால், மராத்தியில் இப்படிச் சொல்லலாம்: "கரோதர் ஆஹே ஹே களாய்ச்யா ஆதீ மீ தாரூ ப்யாயலே ஹோதே." கர்ப்பம் என்று தெரிவதற்கு முன் மது குடித்திருந்தேன் என்று அர்த்தம்.

கணவருக்கு இதில் பங்கு இல்லையா?

உண்டு. தமிழ்நாட்டில் குடிக்கும் ஆண்கள் நான்கில் ஒருவர் என்பதை மறந்துவிட வேண்டாம். அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கோல்டிங் குழு செய்த எலி ஆய்வுகளில், தந்தை எலிக்கு மது கொடுத்தபோதும் குட்டிகளின் முக அமைப்பில் மாற்றம் தெரிந்தது. மனிதர்களில் இது இன்னும் உறுதியாகவில்லை. ஆனால் வீட்டு ஃப்ரிட்ஜில் பீர் இருக்கும்போது ஒருவர் மட்டும் ஒன்பது மாதம் விலகி இருப்பது கஷ்டம் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. குழந்தைக்கு முயற்சி செய்யும் நாளிலிருந்து இருவரும் சேர்ந்து நிறுத்துங்கள். குடித்துவிட்டு வரும் கணவரின் அடியும் வசவும் கர்ப்பத்துக்குத் தனி ஆபத்து.

பிறந்த குழந்தைக்கு என்ன செய்யலாம்?

எஃப்.ஏ.எஸ்.டி.யை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆனால் சீக்கிரம் கண்டறிந்தால் வாழ்க்கை மாறும். சியாட்டிலில் ஆன் ஸ்ட்ரைஸ்குத் இந்தக் குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தார். சிறு வயதிலேயே கண்டறியப்பட்டு, நிலையான, அன்பான வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் பள்ளி இடைநிற்றல், சட்டச் சிக்கல், போதைப் பழக்கம் ஆகியவற்றின் அபாயம் குறைவாக இருந்தது.

இங்கே 2013ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 18 வயது வரை குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. டவுன் சிண்ட்ரோம், உதட்டுப் பிளவு, பிறவி இதயக் குறைபாடு உட்பட 9 பிறவிக் குறைபாடுகள் அதன் பட்டியலில் உள்ளன. மதுவால் வரும் பாதிப்பு அந்த ஒன்பதில் இல்லை. ஆனால் வளர்ச்சித் தாமதம் அந்தத் திட்டத்தில் உண்டு. குழந்தை பேசத் தாமதமானாலோ கவனம் நிற்காவிட்டாலோ மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை அணுகுங்கள். கர்ப்ப காலத்தில் மது குடித்திருந்தால் அதை அங்கே சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால், முகத்தில் அடையாளம் இல்லாத குழந்தைக்கு இதைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

யார் மாற வேண்டும்?

கர்ப்பிணிகள் எல்லோரிடமும், முடிந்தவரை ஆரம்பத்திலேயும் ஒவ்வொரு பரிசோதனையின் போதும், மது பற்றிக் கேட்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. 'எல்லோரிடமும்' என்பதுதான் இதில் முக்கியமான வார்த்தை. 'குடிக்கிறவள் மாதிரி தெரிகிறாள்' என்று தேர்ந்தெடுத்துக் கேட்டால் அது அவமானம். சர்க்கரை, பிரஷர், தைராய்டு போல எல்லோரிடமும் கேட்டால் அது வெறும் மருத்துவக் கேள்வி.

லேபிளில் ஒரு வரி சேர்க்க பெரிய செலவு ஆகாது. சட்டம் மாறும் வரை, அடுத்த செக்-அப்பில் மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். தோழி கர்ப்பத்துக்கு முயற்சி செய்வதாகச் சொன்னால், ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நினைவூட்டும்போதே இதையும் சொல்லுங்கள். பார்ட்டியில் ஒரு பெண் "எனக்கு ஜூஸ் போதும்" என்றால், ஏன் என்று கேட்காமல் ஜூஸைக் கொடுத்துவிடுங்கள்.